‘குடும்பத்துடன் தற்கொலை’: ஒரு செய்தித்தொடரின் இலக்கணமும் அது மறைக்கும் வினைமுதலும்

0. முன்னுரை

ஒரு வீட்டில் தாயும் தந்தையும் இரண்டு குழந்தைகளும் இறந்து கிடக்கின்றனர். மூத்த குழந்தைக்கு வயது ஐந்து. மறுநாள் நாளிதழ் ‘குடும்பத்துடன் தற்கொலை’ என்று தலைப்பிடுகிறது. தற்கொலை என்பது தன்னைத் தானே கொல்லுதல் எனில், ஐந்து வயதுக் குழந்தை அவ்வினையைச் செய்திருக்க இயலாது. ஆயினும் அத்தலைப்பைப் படிப்போர் அதனைப் பொருட்பிழை எனக் கொள்வதில்லை; இரக்கத்தோடு படித்து அடுத்த செய்திக்குச் செல்கின்றனர். இத்தகைய தொடருக்கு மொழி எவ்வாறு இடங்கொடுக்கிறது, அத்தொடர் எதனை மறைக்கிறது, மறைக்கப்படுவதால் நேரும் இழப்பு யாது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒருவர் பிறர் ஒருவரையோ பலரையோ கொன்று, உடனடியாகவோ குறுகிய காலத்திற்குள்ளோ தம் உயிரையும் போக்கிக்கொள்ளும் நிகழ்வை உளமருத்துவரும் குற்றவியலாரும் ‘கொலை–தற்கொலை’ என்னும் பொருள்படும் இருசொற்கூட்டால் குறிக்கின்றனர். தமிழ்ச் செய்திமொழியில் இக்கூட்டு வேரூன்றவில்லை. ‘குடும்பத் தற்கொலை’, ‘கூட்டுத் தற்கொலை’, ‘குடும்பத்துடன் தற்கொலை’ ஆகிய மூன்றே அதன் இடத்தில் வழங்குகின்றன. இம்மூன்றிலும் ‘தற்கொலை’ உண்டு. அதற்கு முன் நிகழ்ந்த கொலை இல்லை. இக்கட்டுரையில் காட்டப்பெறும் தொடர்கள் வழக்கிலுள்ள அமைப்புகளைப் பின்பற்றிய மாதிரித் தொடர்களே. குறிப்பிட்ட இதழ் எதனின் மேற்கோளும் அல்ல.

1. களம்

1.1. இவ்வாய்வுக்குத் திருவனந்தபுரம் பொருத்தமான களம். தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் வழங்கும் ஊர் அது. செய்திகள் அங்கு ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு நாள்தோறும் பெயர்கின்றன. இப்பெயர்ச்சி புதியதன்று, 1951இல் தினமலர் நாளிதழ் தொடங்கப்பெற்றது திருவனந்தபுரத்திலேயே ஆகும். பின்னரே அது திருநெல்வேலிக்கு இடம்பெயர்ந்தது.

1.2. சிக்கலின் அளவும் கருதத்தக்கது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையின்படி, இந்திய அளவில் ஓர் இலட்சம் பேருக்குத் தற்கொலை விகிதம் 12.4, கேரளத்தில் 28.5. இவ்வறிக்கைகளில் ‘கூட்டு / குடும்பத் தற்கொலை’ எனப் பொருள்படும் தனித்தலைப்பும் உண்டு. 2019, 2021 ஆகிய ஆண்டுகளில் அத்தலைப்பின்கீழ் முதலிடத்தில் நிற்பது தமிழ்நாடு. கேரளமும் முதல் ஐந்து மாநிலங்களுள் ஒன்றாக இடம்பெறுகிறது. ஆகவே இச்சொல்லாட்சி நாளிதழ்த் தலைப்போடு நின்றுவிடவில்லை. அரசின் புள்ளியியலிலும் அதுவே பகுப்புச் சொல்லாக அமர்ந்துள்ளது.

1.3. மூன்று நிகழ்வுகள் இக்கட்டுரைக்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றன. ஒன்று, திருவனந்தபுரத்தில் ஐவர் கொண்ட குடும்பம் ஒன்று கடன் நெருக்கடியில் இறந்ததைத் தொடர்ந்து, 2014 மே மாதம் கேரள அரசு சட்டத்திற்குப் புறம்பான வட்டித்தொழிலுக்கு எதிராகத் தொடங்கிய ‘ஆபரேஷன் குபேரா’ நடவடிக்கை. இரண்டு, 2017 அக்டோபர் 23 அன்று திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பலமுறை மனு அளித்த ஒருவரும் அவர் மனைவியும் ஐந்து வயதும் இரண்டு வயதுக்கு உட்பட்டதுமான இரு பெண்குழந்தைகளும் தீக்கிரையான நிகழ்வு. மூன்று, 2025 பிப்ரவரி 24 அன்று திருவனந்தபுரம் மாவட்டம் வெஞ்ஞாறமூடு பகுதியில் மூன்று வீடுகளில் ஐவர் கொல்லப்பட்ட நிகழ்வு. இதில் 23 வயது இளைஞர் ஒருவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. அவர் தம் உயிரையும் போக்க முயன்றபின் காவல்நிலையத்தில் தாமே சரணடைந்தார் என்று செய்திகள் கூறின. இந்நிகழ்வுகளின் உண்மையை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவை சொல்லப்பட்ட முறையே இங்கு ஆய்வுப்பொருள்.

2. தொடரின் இலக்கணம்

2.1. ‘தற்கொலை’ என்பது தன் + கொலை. ‘தன்’ ஒருமைத் தற்சுட்டுப் பெயர்; அதன் பன்மை ‘தம்’. சொல்லின் அமைப்பே கொல்பவரும் கொல்லப்படுபவரும் ஒருவரே என்பதை வற்புறுத்துகிறது. ‘கூட்டு’ என்னும் அடை அதன்முன் வரும்போது ஒருமையும் பன்மையும் ஒரு தொகைக்குள் முரண்படுகின்றன. ‘தற்கொலை’ ஒருசொல் நீர்மைத்தாகிவிட்டமையால் இம்முரண் செவிக்குப் புலப்படுவதில்லை. ‘கூட்டுப் பண்ணை’, ‘கூட்டு முயற்சி’ என்பவற்றில் ‘கூட்டு’ பங்கேற்போரின் இசைவைக் குறிக்கும். ‘கூட்டுத் தற்கொலை’யிலும் அவ்விசைவுப் பொருள் ஓசையின்றி ஏறிவிடுகிறது.

2.2. ‘உடன்’ என்பதன் செயற்பாடு இன்னும் நுட்பமானது. மூன்றாம் வேற்றுமையின் பொருள்களை வகுக்கும் தொல்காப்பியம், ஒரு பொருளோடு இயைந்த ஒருவினைக் கிளவியையும், இயைந்த வேறுவினைக் கிளவியையும் பிரித்துக் கூறுகிறது. ‘தந்தை மகனுடன் நீந்தினார்’ என்றால் நீந்தும் வினை இருவருக்கும் உண்டு, இது ஒருவினை. யானை மலையோடு பொருதது என உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டில் பொரும் வினை யானைக்கே உரியது. மலை அதனைச் செய்வதில்லை. இது வேறுவினை.

‘குடும்பத்துடன் தற்கொலை’ என்னும் தொடர் இவ்விரண்டனுள் எதனைச் சாரும்? நிகழ்ச்சியை நோக்கினால் அது வேறுவினை. ஒருவர் கொன்றார், மற்றவர் கொல்லப்பட்டனர். தொடரை நோக்கினாலோ அது ஒருவினையாகவே படிக்கப்படுகிறது. உயர்திணைப் பெயரை அடுத்து ‘உடன்’ வரும்போது, அப்பெயருக்குரியவரும் வினையில் பங்குகொண்டார் எனக் கொள்வதே தமிழர் இயல்பு. ‘வணிகர் பணத்துடன் ஓடினார்’ என்றால் பணம் ஓடியதாக யாரும் கருதார். ‘வணிகர் மனைவியுடன் ஓடினார்’ என்றால் மனைவியும் ஓடினாள் என்றே கருதுவர். குழந்தை மனைவியைப் போல உயர்திணைப் பெயரால் குறிக்கப்படுகிறது. நிகழ்ச்சியிலோ பணத்தைப் போல உடன்கொண்டு செல்லப்படுகிறது. மனிதரை உடைமையாக நடத்திய ஒரு செயல் இசைந்து செய்த கூட்டுச்செயலாகத் தோற்றம் பெறுவது இந்த இடைவெளியில்தான்.

2.3. ‘உடன்’ இப்பணியைச் செய்வது இது முதன்முறை அன்று. ‘உடன்கட்டை ஏறினாள்’ என்னும் வழக்கு நோக்கத்தக்கது. ‘ஏறு’ தன்வினை, ‘ஏற்று’ பிறவினை. ஏற்றப்பட்ட பெண்களும் வழக்குமொழியில் ‘ஏறினவர்’களாகவே நின்றனர். வினையடியின் ஓர் ஒற்று இரட்டிக்காது விடப்பட்டதால் கொன்றவர்கள் தொடரிலிருந்தே நீங்கினர். ‘தீக்குளித்தல்’ என்பதும் அத்தன்மையதே. குளித்தல் தானே செய்வது. மேலும் அச்சொல் சீதையின் தீக்குளிப்பை நினைவூட்டித் தூய்மைப் பொருளையும் தருவது. 2017ஆம் ஆண்டு நிகழ்வை ‘நால்வர் தீக்குளித்தனர்’ என்று எழுதும்போது, நடக்கப் பழகிய பருவத்துக் குழந்தையும் அவ்வினைக்கு எழுவாயாகிறது.

2.4. ‘கொள்’ என்னும் துணைவினையும் இங்குச் சுட்டத்தக்கது. ‘செய்துகொண்டனர்’ என்பதில் வினைப்பயன் வினைமுதலையே சேர்கிறது. ‘மாய்ந்தனர்’, ‘மாய்த்தனர்’, ‘மாய்த்துக்கொண்டனர்’ ஆகிய மூன்றும் தமிழில் தெளிவாக வேறுபடுகின்றன. இறந்ததை மட்டும் சொல்லவும், கொன்றதைச் சொல்லவும், தம்மையே கொன்றதைச் சொல்லவும் மொழியில் வெவ்வேறு வடிவங்கள் உள்ளன. எனவே குறை மொழியின் வளத்தில் இல்லை, தேர்வில் உள்ளது.

2.5. ‘குடும்பமே தற்கொலை செய்துகொண்டது’ என்னும் வடிவில் ஆட்கள் அனைவரும் ஓர் அஃறிணை ஒருமைப் பெயருக்குள் ஒடுங்குகின்றனர். தேற்றேகாரம் அவ்வொடுக்கத்தை உறுதி செய்கிறது. யார் முடிவெடுத்தார், யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது, யார் தடுத்தார் என்ற வினாக்களை எழுப்ப அத்தொடரில் இடமே இல்லை.

3. மலையாளத்திலிருந்து தமிழுக்கு

3.1. மலையாள நாளிதழ்களில் ‘கூட்ட ஆத்மஹத்ய’ என்பது இதற்கு நேரான சொல். தமிழின் ‘கூட்டு’ இசைவைக் குறிப்பது. மலையாளத்தின் ‘கூட்ட’ எண்ணிக்கைப் பெருக்கத்தையே முதன்மையாகக் குறிப்பது. ‘கூட்டக் கொலபாதகம்’ என்பதில் இது தெளிவாகும். ‘கூட்ட ஆத்மஹத்ய’யைக் ‘கூட்டுத் தற்கொலை’ எனப் பெயர்க்கும்போது, ஓர் உகர வேறுபாட்டால் மூலத்தில் வலுவாக இல்லாத உடன்பாட்டுப் பொருள் தமிழில் புகுந்துவிடுகிறது.

3.2. வினைமுற்று இன்னும் கடினமான சிக்கலைத் தருகிறது. ஏ. ஆர். ராஜராஜவர்மா கேரள பாணினீயத்தில் மலையாளம் தமிழினின்று வேறுபடும் கூறுகளுள் ஒன்றாகப் ‘புருஷபேத நிராசம்’ என்பதைக் குறித்தார். அதாவது, மலையாள வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டும் விகுதியை நீக்கிக்கொண்டது. ‘ஜீவனொடுக்கி’ என்னும் வினை ஒருவருக்கும் வரும், ஐவருக்கும் வரும், ‘குடும்பம்’ என்னும் பெயருக்கும் வரும். யார் உயிரை யார் ஒடுக்கினார் என்பதை அவ்வினை அறுதியிட்டுச் சொல்வதில்லை.

தமிழில் அந்த ஒதுங்கல் இயலாது. மொழிபெயர்ப்பாளர் ‘-ஆர்’ என்றோ ‘-அனர்’ என்றோ ‘-அது’ என்றோ ஒரு விகுதியை இட்டே ஆகவேண்டும். ‘உயிரை மாய்த்துக்கொண்டனர்’ என்று எழுதிய கணத்தில், மூலத்தில் திறந்திருந்த வினா தமிழில் மூடப்படுகிறது; குழந்தைகளும் வினைமுதல்கள் ஆகிவிடுகின்றனர். விகுதி இங்கு இலக்கண உறுப்பாக மட்டும் நிற்கவில்லை. அது ஒரு சாட்சியமாகிறது. விசாரணை அதிகாரி இன்னும் சொல்லாத ஒன்றை மொழிபெயர்ப்பாளர் சொல்லிவிடுகிறார்.

3.3. மலையாளத்தில் நல்ல முன்மாதிரிகளும் உண்டு. ‘மக்களெக் கொன்னசேஷம் அச்சன் ஜீவனொடுக்கி’ என்னும் அமைப்பில் கொன்றவர், கொல்லப்பட்டவர், வினைகளின் வரிசை ஆகிய மூன்றும் விளங்குகின்றன. ‘மரிச்ச நிலயில் கண்டெத்தி’, அதாவது இறந்த நிலையில் காணப்பட்டனர் என்னும் அமைப்பு, உண்மை தெரியும்வரை முடிவு கூறாது நிற்கிறது. முதல் தொடரில் வரும் ‘மக்கள்’ பெற்ற பிள்ளைகளைக் குறிப்பதைத் தமிழ்ப் பெயர்ப்பாளர் மறத்தலாகாது. இவ்விரு அமைப்புகளையும் சொல்லுக்குச் சொல் தமிழாக்கலாம். ஆயினும் பெயர்ப்பில் இவை பலவேளை சுருங்கிப் பழகிய தலைப்பாகவே முடிகின்றன.

4. பெயரைத் தீர்மானிப்பது எது?

4.1. இந்நிகழ்வுகளை அடுத்தடுத்து வைத்து நோக்கின் ஓர் ஒழுங்கு புலனாகிறது. கொன்றவரும் இறந்துவிட்டால் நிகழ்ச்சிக்குப் பெயர் ‘குடும்பத் தற்கொலை’. அவர் உயிர்பிழைத்தால் அதற்குப் பெயர் ‘கூட்டக் கொலை’. வெஞ்ஞாறமூடு நிகழ்வு இரண்டாம் பெயரையே பெற்றது. கடன்சுமையே பின்னணி என்று காவல்துறை தரப்பில் கூறப்பட்டது. குடும்பமாக இறக்கும் எண்ணம் முன்னரே இருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர் கூறினார் என்றும் செய்திகள் வெளிவந்தன. இறந்தோருள் குடும்பத்தைச் சாராத இளம்பெண் ஒருவரும், வேறு வீட்டில் வாழ்ந்த உறவினரும் இருந்தனர்.

இறந்தவர்களின் நிலையிலிருந்து நோக்கினால், கொன்றவர் பிறகு பிழைத்தாரா இல்லையா என்பது அவர்கள் சாவின் தன்மையை மாற்றுவதில்லை. ஆனால் செய்திமொழியில் அதுவே அனைத்தையும் மாற்றுகிறது. பிழைத்தவர் ‘கொலையாளி’, இறந்தவர் ‘கடன் தொல்லையால் விபரீத முடிவெடுத்தவர்’. செயலுக்குப் பெயரிடுவதற்கு மாறாக, செயலின் பிந்தைய விளைவுக்குப் பெயரிடப்படுகிறது. கலைச்சொல்லாக்க நெறியில் இது அடிப்படைப் பிழை என்க.

4.2. இப்பெயர்களோடு மனநலம் பற்றிய சொல்லாட்சியும் சேர்ந்து மாறுகிறது. கொன்றவர் பிழைத்த நிகழ்வுகளில் ‘சைக்கோ’ போன்ற சொற்கள் விரைந்து வருகின்றன. 2017 ஏப்ரலில் திருவனந்தபுரம் நந்தன்கோட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் கொல்லப்பட்டபோது ‘ஆஸ்ட்ரல் புரொஜெக்ஷன்’, ‘சாத்தான் வழிபாடு’ ஆகிய சொற்களே செய்திகளை நிறைத்தன. 2025 மே மாதம் அவ்வழக்கில் நீதிமன்றம் குற்றத்தை உறுதிசெய்து வாழ்நாள் சிறை விதித்தது. கொன்றவரும் இறந்த நிகழ்வுகளிலோ மனநலம் என்ற பேச்சே எழுவதில்லை; கடன், வறுமை, நோய் என்று புறக்காரணம் ஒன்றே போதுமானதாகிறது. ஓரிடத்தில் மனநோய் என்னும் சொல் எல்லாவற்றையும் விழுங்குகிறது. மற்றோரிடத்தில் அது முற்றிலும் மறைகிறது. இரண்டும் அறிவியலுக்குப் புறம்பானவை.

5. ‘காரணம்’, ‘இடர்க்காரணி’

5.1. உளமருத்துவ ஆய்வுகள் இத்துறையில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவருகின்றன. டொனால்டு வெஸ்ட் 1965இல் வெளியிட்ட, தற்கொலையில் முடிந்த கொலைகளைப் பற்றிய நூல், இங்கிலாந்தில் அத்தகையோரிடம் மனச்சோர்வு நோய் மிகுந்திருந்ததைக் காட்டியது. 1992இல் மார்சுக், டார்டிஃப், ஹிர்ஷ் ஆகிய மூவரும் கொன்றவருக்கும் கொல்லப்பட்டவருக்கும் உள்ள உறவையும் நோக்கத்தையும் கொண்டு இந்நிகழ்வுகளை வகைப்படுத்தினர். ஐயத்தாலும் பொறாமையாலும் துணைவரைக் கொல்லுதல், நோயுற்ற முதிய துணைவரைக் கொல்லுதல், பெற்ற பிள்ளையைக் கொல்லுதல், குடும்பம் முழுவதையும் கொல்லுதல், குடும்பத்திற்குப் புறத்தாரைக் கொல்லுதல் என்பன அவ்வகைகள். ‘குடும்பத் தற்கொலை’ என்னும் ஒரே சொல் இவற்றுள் பலவற்றைக் கலந்துவிடுகிறது.

5.2. ஒவ்வொரு வகைக்கும் இடர்க்காரணிகள் வேறு. துணைவர் கொலையில் முன்னரே நிகழ்ந்த இல்ல வன்முறை, பிரிவு அல்லது பிரிவின் அச்சம், கொலை மிரட்டல் ஆகியன முன்னிற்கின்றன. கொல்வோர் மிகப் பெரும்பாலும் ஆண்கள். பச்சிளங்குழந்தையைக் கொன்று தாமும் இறக்க முயலும் தாயரிடம் மகப்பேற்றுக்குப் பிந்தைய உளப்பிணி இருக்கக்கூடும். ஆயிரம் மகப்பேறுகளில் ஒன்று அல்லது இரண்டில் தோன்றும் இந்நோய் உரிய காலத்தில் கண்டறியப்பட்டால் குணப்படுத்தத்தக்கது. முதிய இணையரில் நெடுநாள் நோயும், பேணுபவரின் தளர்ச்சியும் தனிமையும் காணப்படுகின்றன. குடும்பம் முழுவதையும் கொல்வோரிடம் கடனும் மானக்கேட்டின் அச்சமும் உண்டு. அவற்றோடு ‘என் குடும்பம் என்னோடு முடியவேண்டும்’ என்னும் உடைமை எண்ணமும் உண்டு. மது, கடும் மனச்சோர்வு, நம்பிக்கையின்மை ஆகியன வகைகள் பலவற்றுக்கும் பொதுவானவை.

5.3. இங்கு மொழிபெயர்ப்பாளர் கருதவேண்டிய ஒரு வேறுபாடு உண்டு. இடர்க்காரணி என்பது ஒரு நிகழ்வுக்கான வாய்ப்பை மிகுவிப்பது. காரணம் என்பது அதனை விளைவிப்பது. கடன் ஓர் இடர்க்காரணி. அதனைக் ‘காரணம்’ எனப் பெயர்த்தால், கடன்பட்ட இல்லங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் யாரும் கொல்லப்படுவதில்லை என்னும் உண்மை மறைகிறது. மனநோய்க்கும் இதுவே பொருந்தும். மனநோயுற்றோருள் மிகப் பெரும்பாலோர் எவர்க்கும் தீங்கிழைப்பதில்லை. ‘மனநோயே காரணம்’ என்னும் தொடர் நோயுற்றோர் அனைவர்மீதும் பழியை ஏற்றுகிறது. ‘கடனே காரணம்’ என்னும் தொடரோ கொன்றவரிடமிருந்து செயலையே அகற்றிவிடுகிறது.

‘ஆபரேஷன் குபேரா’ இதற்குத் தக்க சான்று. கேரளத்தில் ‘பிளேடு’ எனப் பேச்சுவழக்கில் சுட்டப்பெறும் கொடுவட்டியை ஒடுக்க எடுத்த முயற்சி தேவையானதே. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் கந்துவட்டிக்கு எதிரான சட்டம் இருப்பதும் அத்தகைய தேவையாலேயே. ஆனால் நிகழ்வு ‘குடும்பத் தற்கொலை’ என்று பெயர் பெற்றுவிட்டால், அரசு தேடும் குற்றவாளி வீட்டிற்கு வெளியே மட்டும் இருப்பான். வீட்டிற்குள் மனச்சோர்வுற்றிருந்தவர் யார், அவரைக் கண்ட மருத்துவர் உண்டா, அச்சத்தோடு வாழ்ந்தவர் யார் என்ற வினாக்கள் கோப்பில் இடம்பெறா. ஒரு சொல் பாதி உண்மையைச் சொல்வதால் பாதித் தடுப்பே நிகழ்கிறது.

5.4. கலைச்சொல்லாக்கத்தின் இடர்ப்பாட்டுக்கு மற்றோர் எடுத்துக்காட்டும் காட்டலாம். பெற்றோர் பிள்ளைகளைக் கொல்லுதலை 1969இல் பிலிப் ரெஸ்னிக் ஐந்தாக வகைப்படுத்தினார். அவற்றுள் ஒன்று, பிள்ளையைத் துன்பத்திலிருந்து விடுவிப்பதாக நம்பிச் செய்வது. அதற்கு அவர் வழங்கிய பெயரை ‘பிறர்நலக் கொலை’ என்றோ ‘தியாகக் கொலை’ என்றோ பெயர்த்தால் அது புகழ்ச்சியாகிவிடும். ரெஸ்னிக் குறித்தது கொல்பவரின் நம்பிக்கையையே. செயலின் தன்மையை அன்று. ‘நன்மை எனக் கருதிய கொலை’ என்பது சற்று நீளமாயினும் பிழையற்றது. தாமஸ் ஜாய்னர் 2014இல் எழுதிய நூலில், இத்தகைய செயல்களில் இரக்கம், கடமை முதலிய நற்பண்புகளே திரிந்து செயற்படுகின்றன என்று வாதிட்டார். ‘பிள்ளைகளை அநாதையாக விட்டுப் போகக் கூடாது’ என்று தமிழகத்திலும் கேரளத்திலும் கேட்கப்படும் கூற்று அத்திரிபின் வடிவமே. அக்கூற்றை இரக்கத்தோடு திரும்பச் சொல்லும் செய்தி, அடுத்து அதே நிலையில் இருப்பவருக்கு ஒரு நியாயத்தை ஆயத்தமாக வைக்கிறது.

6. பிறமொழிகளின் பட்டறிவு

6.1. இச்சிக்கல் தமிழுக்கும் மலையாளத்துக்கும் மட்டும் உரியதன்று. ஜப்பானிய மொழியில் ‘ஷின்ஜூ’ என்பது காதலர் இருவர் இசைந்து இறப்பதைக் குறித்த பழஞ்சொல். பின்னர்ப் பெற்றோர் பிள்ளையைக் கொன்று தாமும் இறப்பது ‘ஓயாகோ ஷின்ஜூ’ எனவும், குடும்பம் முழுவதும் இறப்பது ‘இக்கா ஷின்ஜூ’ எனவும் வழங்கலாயின. இசைவின்றி நிகழ்வதைச் சுட்ட ‘முரி ஷின்ஜூ’, அதாவது வலிந்த ஷின்ஜூ என்னும் சொல்லும் உண்டு. இசைவைக் குறித்த சொல் குழந்தைக்கும் நீட்டப்பட்டது என்பதில் ‘கூட்டுத் தற்கொலை’யோடு அது முற்றிலும் ஒக்கிறது.

1985இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜப்பானியத் தாய் ஒருவர் தம் இரு குழந்தைகளோடு கடலில் இறங்கினார். குழந்தைகள் இறந்தனர், தாய் பிழைத்தார். ஆங்கிலச் சட்டமொழி அதனைக் கொலை என்றது. அவருக்கு ஆதரவாகக் கையொப்பமிட்ட பல்லாயிரவர் அது ‘ஓயாகோ ஷின்ஜூ’ என்றனர். ஒரு சொல்லை மொழிபெயர்ப்பதா, பெயர்க்காது விடுவதா என்பதே அங்கு வழக்கின் மையமாயிற்று. இறுதியில் குற்றத்தின் தரம் குறைக்கப்பட்டு, நீண்ட சிறைத்தண்டனை தவிர்க்கப்பட்டது. தாயின் உளநிலை கருதப்பட்டது நன்றே. ஆயினும் இறந்த குழந்தைகளுக்கு எந்த மொழியும் வழக்காடவில்லை.

ஜப்பானிய அரசு பின்னர் ஒரு நடுவழி கண்டது. குழந்தைகள் கொடுமைக்குள்ளாகி இறப்பதை ஆண்டுதோறும் ஆராயும் வல்லுநர் குழு, ‘ஷின்ஜூ’வில் இறந்த குழந்தைகளையும் கொடுமையால் இறந்தோர் கணக்கிலேயே தனிப்பிரிவாகச் சேர்க்கிறது. பழஞ்சொல் நீங்கவில்லை, ஆனால் அது அமரும் பட்டியல் மாறிவிட்டது.

6.2. ஜெர்மன் மொழியில் ‘விரிவாக்கப்பட்ட தற்கொலை’ எனப் பொருள்படும் சொல் உளமருத்துவத்தில் நெடுங்காலம் வழங்கியது. கொல்லப்பட்டவரைக் கொன்றவரின் விரிவாக்கமாகக் காட்டுகிறது என்பதால் அது கண்டனத்துக்கு உள்ளாயிற்று. ‘உடன்கொண்டு செல்லும் தற்கொலை’ என்னும் பொருளுடைய சொல்லும் அம்மொழியில் உண்டு. ‘பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்’ என்னும் தமிழ் இடக்கரடக்கலுக்கு அது நேரானது. 2019இல் ஜெர்மன் செய்தி முகமையான டிபிஏ, இத்தகைய கொலைகளுக்குக் ‘குடும்பத் துயரநிகழ்ச்சி’ என்னும் பொருள்படும் சொல்லைத் தன் செய்திகளில் தவிர்ப்பதென முடிவு செய்தது.

7. மறுப்புகளும் பரிந்துரையும்

7.1. ‘கொலை’ என்னும் சொல்லை இடுவது, நோயாலோ வறுமையாலோ நைந்து இறந்தவர்மீது மேலும் பழி சுமத்துவதாகாதா என்று வினவலாம். இது எளிதில் தள்ளத்தக்க வினா அன்று. குடும்பத்தில் எஞ்சியோர் அச்சொல்லோடு வாழவேண்டியவர்கள். ஆனால் செயலைக் குறித்தலும் குற்றத்தை அளத்தலும் வேறு. மலையாளம் ‘நரஹத்ய’ என்றும் ‘கொலபாதகம்’ என்றும் இரண்டைப் பிரித்து வழங்குகிறது. முன்னது மனிதர் ஒருவரால் மனிதர் மாண்டதைச் சுட்டுவது, பின்னது கொடுங்குற்றம். தமிழில் ‘ஆட்கொலை’ என்பதை முன்னதற்கு உரியதாக்கலாம். உளப்பிணியால் தெளிவிழந்த தாயின் செயலை ‘ஆட்கொலை’ என்பது அவரைத் தண்டிப்பதாகாது. குழந்தை தானே இறந்தது என்னும் பொய்யை மட்டுமே நீக்கும்.

7.2. சட்டம் இவ்வேறுபாட்டை முன்னரே அறிந்துள்ளது. பதினெட்டு வயது நிரம்பியவரின் இசைவோடு நிகழும் கொலையையும் பிற கொலைகளையும் இந்தியத் தண்டனைச் சட்டம் வேறுபடுத்தியது. குழந்தையோ மனத்தெளிவற்றவரோ தற்கொலை செய்துகொள்ள உடந்தையாதலை அது தனிக் கடுங்குற்றமாக்கியது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் அவ்வாறே வைத்துள்ளது. இசைவு தரும் தகுதி இல்லாதவரின் சாவை இசைவுச் சாவாகக் கொள்ளலாகாது என்பது அதன் கருத்து. ஒருவினைக்கும் வேறுவினைக்கும் இலக்கணம் கண்ட எல்லையைச் சட்டம் வயதாலும் மனத்தெளிவாலும் கண்டது எனலாம்.

7.3. மேற்கண்டவற்றின் அடிப்படையில் மூன்று சொல்லாட்சிகளைப் பிரித்து வழங்கலாம்.

(அ) வயது வந்தோர் இருவரோ பலரோ தம்முள் இசைந்து இறந்ததற்குச் சான்று இருப்பின் ‘உடன்பாட்டுத் தற்கொலை’. முதிய இணையர் சிலரின் சாவு இவ்வகையினதாகலாம். அங்கும் ஒருவர் மற்றவரை வற்புறுத்தினாரா என்பது வினவத்தக்கது.

(ஆ) ஒருவர் பிறரைக் கொன்று தாமும் இறந்திருப்பின் ‘கொலை–தற்கொலை’. இஃது உம்மைத்தொகையாக நின்று இரு வினைகளையும் காட்டும். சொற்களின் வரிசை நிகழ்ச்சியின் வரிசையைப் பின்பற்றும். ‘கொலைத்தற்கொலை’ என ஒற்று மிகுத்து எழுதின் அது ஒருவகைத் தற்கொலை எனப் பொருள்பட்டு முன்னைய மயக்கத்திற்கே இட்டுச்செல்லும். தொடராக எழுதுங்கால் ‘இரு குழந்தைகளைக் கொன்றபின் தந்தை உயிரை மாய்த்துக்கொண்டார்’ என வினையெச்சமும் ஒருமை முற்றும் தெளிவாக வரவேண்டும்.

(இ) நிகழ்ந்தது இன்னதெனத் தெரியாதபோது ‘இறந்து கிடந்தனர்’, ‘இறந்த நிலையில் காணப்பட்டனர்’.

7.4. சொல்லைத் திருத்துவது கொன்ற முறையை விரித்துரைப்பதற்கு உரிமம் ஆகாது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்களும், 2019இல் இந்தியப் பத்திரிகை மன்றம் ஏற்ற நெறிகளும், முறையை விவரித்தலையும், தலைப்பில் மிகைப்படுத்தலையும், ஒற்றைக் காரணம் கூறலையும் விலக்குகின்றன. உதவி கிடைக்கும் இடத்தைச் சொல்லுமாறு பணிக்கின்றன. 2022இல் தொடங்கப்பெற்ற ‘டெலி மானஸ்’ தொலைபேசி எண் 14416 அத்தகைய செய்திகளின் கீழ் இடம்பெறுவது தலைப்பு எவ்வளவு சரியாக இருக்கவேண்டுமோ அவ்வளவு இன்றியமையாதது.

8. முடிவுரை

சொல் மாறினால் சாவு குறையும் என்று கூறுவதற்கில்லை. ஆனால் எண்ணப்படாததைத் தடுத்தல் அரிது. பெயரிடப்படாததை எண்ணுதல் அரிது. ‘குடும்பத் தற்கொலை’ என்னும் தலைப்பின்கீழ் வரும் கணக்கில், கொல்லப்பட்ட குழந்தைகளும் பெண்களும் முதியோரும் தனியே தெரிவதில்லை. அவர்களைக் காத்திருக்கக்கூடிய மருத்துவரும் அண்டை வீட்டாரும் ஆசிரியரும் காவலரும் எதனை முன்னறிந்திருக்க முடியும் என்ற வினாவும் எழுவதில்லை.

மொழியியலார் செய்யத்தக்கது, இத்தொடர்களின் வழக்கைத் தொகுத்து ஆராய்ந்து கலைச்சொல் தொகுதிகளில் வேறுபாட்டைப் பதிவு செய்தல். மொழிபெயர்ப்பாளர் செய்யத்தக்கது அதனினும் எளிது, நாள்தோறும் செய்யவேண்டியது. ‘-அனர்’ என்னும் விகுதியை இடுமுன், அவ்வினையை இறந்தவர் அனைவரும் செய்தனரா என ஒருமுறை வினவுதல் போதும். ஐந்து வயதுக் குழந்தையை எழுவாயாக்கும் முற்றுவினையை எழுதாது விடுவது இலக்கணத் தூய்மைக்காக மட்டும் அன்று. இறந்த குழந்தைக்கு மொழி செய்யக்கூடிய குறைந்த அளவு நீதியும் அதுவே.